காலையில் ஒன்று, மாலையில் ஒன்று

ஓய்வு பெற்றவர்களைக் கூப்பிட்டு, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லச் சொல்வது எல்லா இடத்திலும் உள்ள வழக்கம்தான். சால்வை போர்த்துவார்கள், டீயும் வடையும் கொடுப்பார்கள், பிறகு நாம் பேசப் பேசப் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதனால்தான் பேச மாட்டேன், எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் படிக்காமல் போனாலும் என் கண்ணெதிரே படிக்காமல் இருக்க மாட்டீர்கள் அல்லவா, அந்த மட்டும் நிம்மதி.

கருவியை எப்படிச் சரிப்படுத்துவது, அலைகளை எப்படிப் படிப்பது என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் இந்தக் காகிதம் வேறு யார் கைக்காவது போனால் அவர்களுக்கும் புரிய வேண்டுமே. அதற்காக நம் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாத்திரைக்கு அடங்காத வலிப்பு உள்ளவர்களுக்கு மண்டையோட்டில் ஒரு சின்னக் கருவியைப் பொருத்துகிறார்கள். அதிலிருந்து மெல்லிய கம்பிகள் மூளைக்குள் போகின்றன. வலிப்பு கிளம்பப் பார்க்கிறது என்று தெரிந்ததும் கருவி அந்த இடத்தில் லேசாக மின்சாரம் கொடுத்து அதை அடக்கப் பார்க்கும். அந்த நேரத்து மூளை அலைகளையும் சேமித்து வைக்கும். வீட்டாரிடம் ஒரு காந்தம் கொடுத்திருப்போம். வலிப்பு வருவதைக் கண்ணால் பார்த்தால், அந்தக் காந்தத்தைத் தலையில் கருவி இருக்கும் இடத்தில் வைத்து எடுக்க வேண்டும். உடனே அந்த நேரத்து அலைகள் ‘வீட்டார் பார்த்தது’ என்ற குறியோடு பதிவாகிவிடும். வீட்டில் இருக்கும் பெட்டி எல்லாவற்றையும் தருமபுரியில் உள்ள நம் அறைக்கு அனுப்பும். நாம் உட்கார்ந்து பார்ப்போம். அவ்வளவுதான் வேலை. பெரும்பாலும் தூக்கம் வரும்.

கருவி ஏமாந்துபோகும் என்பது உங்களுக்குத் தெரியும். கம்பைநல்லூர் வியாபாரி ஒருவருக்குத் தினமும் சாயங்காலம் கருவி மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருந்தது. வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டோம். கடைசியில் பார்த்தால் மனுஷன் கடையை மூடியதும் தட்டுவடை தின்கிறார். மொறுமொறுவென்று தாடை வேலை செய்ததைக் கருவி வலிப்பு என்று நினைத்துக்கொண்டது. ஊறவைத்துத் தின்னச் சொன்னோம். சரியாகிவிட்டது. ஆனால் அவர் அதற்குப் பிறகு எங்களோடு முகம் கொடுத்துப் பேசவே இல்லை.

கருவி ஏமாந்தால் சமாளித்துவிடலாம். மனிதர்கள் சேர்ந்துகொண்டு, படித்தவர்கள் படிக்காதவர்கள் என்ற பேதமில்லாமல் எல்லோரும் மனதார ஒரே தப்பைச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு மேரியின் கதையைச் சொல்கிறேன்.

மேரிக்கு ஊர் பாப்பாரப்பட்டிக்கு அந்தப் பக்கம். இருபது வயசு தாண்டிய பெண். பாப்பாரப்பட்டியில் ஒரு செல்போன் கடையில் வேலை பார்த்தாள். அம்மா இல்லை, அப்பா மட்டும்தான். அவர் பெயர் சவரிமுத்து. கொஞ்சம் நிலம், அதில் ராகியும் தக்காளியும். அதோடு இரண்டு மாடு. மேரிக்கு வரும் வலிப்பு கீழே விழுந்து வெட்டி இழுக்கிற வகை இல்லை. பேசிக்கொண்டே இருப்பாள், சட்டென்று பேச்சு நிற்கும், பார்வை ஒரே இடத்தில் குத்திட்டு நிற்கும். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்துவிடுவாள். வந்து போனது அவளுக்கே தெரியாது. ஒருமுறை அடுப்பு முன்னால் அப்படி நின்றுவிட்டதில் வலது கை முழங்கை வரை வெந்துபோனது. இன்னொரு முறை கிணற்று மேட்டில் நின்றவளை யாரோ பார்த்து இழுத்துப் பிடித்தார்கள். அன்று முதல் சவரிமுத்து மகளைத் தனியாக விட்டதில்லை. கடைக்குக் கொண்டுபோய் விடுவதும் அவர்தான், கூட்டி வருவதும் அவர்தான். இடையில் ஏதாவது சாக்கு வைத்து இரண்டு தரம் கடைப் பக்கம் வந்து எட்டிப் பார்த்துவிட்டும் போவார்.

கருவி வைத்தது இலவசத் திட்டத்தில். பெங்களூரில் அறுவை சிகிச்சை நடந்தது. அதன்பின் மெல்ல மெல்ல நல்ல மாற்றம். கருவி பிடித்த வலிப்புகளும் குறைந்தன, சவரிமுத்து காந்தம் வைத்த பதிவுகளும் குறைந்தன. பிறகு இரண்டுமே நின்றுபோயின. எங்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இந்த வேலையில் வெற்றுத் திரையைப் பார்த்துச் சிரிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

அப்புறம் ஒருநாள் திடீரென்று காந்தப் பதிவுகள் வர ஆரம்பித்தன. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. மறுநாளும் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிற நாளிலும் தவறவில்லை.

பதிவுகளைத் திறந்து பார்த்தால் ஒன்றுமே இல்லை. காலைப் பதிவுகளில் நிம்மதியாகத் தூங்குகிற மூளை. மாலைப் பதிவுகளில் நிம்மதியாக விழித்திருக்கிற மூளை. கருவியும் தன் பங்குக்கு எதையும் பிடிக்கவில்லை. கருவி வலிப்பே இல்லை என்கிறது, வீட்டார் தினமும் இரண்டு முறை வருகிறது என்கிறார்கள். யாரை நம்புவது?

இந்த இடத்தில் எங்கள் பெரிய டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாரம் ஒரு நாள் பெங்களூரிலிருந்து ரயிலில் வருவார். மகா கெட்டிக்காரர். நோயாளிகளிடம் அன்பானவர். ஒரே ஒரு பலவீனம், வரைபடம் ஒழுங்காக அமைந்துவிட்டால் மனுஷன் மெய்மறந்துவிடுவார். மேரியின் பதிவுகளை நேரவாரியாக அடுக்கிப் பார்த்தார். காலையில் ஒரு மலை, மாலையில் ஒரு மலை, நடுவே சமவெளி.

“இரட்டை உச்சம்!” என்றார். “எவ்ளோ அழகா இருக்கு பாருங்க. இவ்ளோ ஒழுங்கா நான் எங்கயும் பார்த்ததில்ல.”

பக்கத்தில் நின்ற இளம் டாக்டர்கள் எல்லோரும் அழகுதான் என்று தலையாட்டினார்கள். உங்களுக்கு ஒன்று சொல்லிவைக்கிறேன். நோயைப் பார்த்து ஒரு டாக்டர் அழகு என்று சொன்னால், நோயாளி தன் தலையைப் பத்திரமாகப் பிடித்துக்கொள்வது நல்லது.

அவர் சொன்ன தர்க்கத்தை நீங்களும் ஒருமுறை கேளுங்கள், அதில் ஓட்டையே கிடையாது. வலிப்பு வருகிறது, அதை வீட்டார் பார்க்கிறார்கள். ஆனால் கம்பி இருக்கும் இடத்தில் ஒன்றும் தெரியவில்லை. அப்படியென்றால் வலிப்பு வேறு இடத்திலிருந்து கிளம்புகிறது. கம்பி தப்பான இடத்தில் இருக்கிறது. ஆகவே மறுபடியும் தலையைத் திறந்து கம்பியை இடம் மாற்ற வேண்டும். மூளை எவ்வளவுக்கு எவ்வளவு சுத்தமாக இருந்ததோ, அவ்வளவுக்கு அவ்வளவு அறுவை சிகிச்சை அவசியமாகிக்கொண்டே போனது.

மேரியை வரவழைத்துக் கேட்டார்.

“ஃபிட்ஸ் வருதாம்மா?”

“இல்லீங்க சார். நல்லா இருக்கறன்.”

டாக்டர் என் பக்கம் திரும்பி வருத்தமாகச் சிரித்தார். “பாவம், அவங்களுக்குத் தெரியறதில்ல” என்றார். தனக்கு வலிப்பு வருவதையே நோயாளி அறியவில்லை என்று எழுதிக்கொண்டார். அந்தப் பெண் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் வருகிறது என்றே கணக்கு. வருகிறது என்று சொல்லியிருந்தாலும் அதே கணக்குதான்.

பிறகு அப்பாவைக் கேட்டார்.

“காந்தம் வெக்கிறீங்களா?”

“தவறாம வெக்கறங்க சார். ரெண்டு வேளையும்” என்றார் சவரிமுத்து. பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் முடித்துவிட்டேன் என்று சொல்கிற குரல் அது.

“வெரி குட். அடுத்த தடவ வைக்கும்போது யாரையாவது போன்ல ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க.”

வீடியோ வந்தது. அக்கம்பக்கத்தில் யாரோ எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். எல்லோரும் பெரிய திரையில் போட்டுப் பார்த்தோம். பொழுது விடிகிற நேரம். மேரி போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு படுத்திருக்கிறாள். சவரிமுத்துவின் கை உள்ளே வந்து அவள் தலையில் காந்தத்தை வைத்து எடுக்கிறது. பின்னால் ஒரு மாடு கத்துகிறது. வீடியோ முடிந்தது.

“பார்த்தீங்களா? துளி அசைவு இல்ல. சுத்தமா உறைஞ்சு போயிட்டாங்க” என்றார் டாக்டர்.

“தூங்கற மாதிரி இருக்குங்க சார்” என்றேன்.

“அப்படித்தான் தெரியும். அதான் இந்த வகையோட ஆபத்தே. கூப்பிட்டாக்கூடத் திரும்பல.”

“யாரும் கூப்பிடலையே சார்.”

“ஆமா” என்றார், அதுவும் தனக்குச் சாதகமான சாட்சி என்பதுபோல.

அறுவை சிகிச்சைக்கு அடுத்த வாரத்தில் நாள் குறித்தார்கள். புதுக் கம்பிகளுக்குச் சொல்லி அனுப்பினார்கள். பெங்களூரில் அறுவை அரங்கு ஒதுக்கியாகிவிட்டது. அப்பாவையும் மகளையும் மறுபடி வரவழைத்து டாக்டர் நாளைச் சொன்னபோது நான் மேரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் சிகிச்சைக்கு மழித்த முடி அப்போதுதான் பின்னலுக்கு வந்திருந்தது. அவள் கை தானாகப் போய் அந்தச் சின்னப் பின்னலைப் பிடித்துக்கொண்டது.

எங்கள் அறையில் திரும்பத் திரும்ப அந்த வீடியோவைப் போட்டேன். வீட்டுக்குப் போகலாம் என்று பை எடுத்தவள் மறுபடி உட்கார்ந்தேன். நாங்கள் எல்லோரும் மேரியையே பார்த்துக்கொண்டிருந்தோம். இந்த முறை சவரிமுத்துவின் கையைப் பார்த்தேன். காந்தம் பிடித்த கையை அல்ல, மற்றக் கையை. அதில் பால் கேன் இருந்தது. காந்தத்தை வைத்து எடுத்ததும் கேன் கை மாறுகிறது, கால் வாசல் பக்கம் திரும்புகிறது. மகளின் முகத்தை அவர் ஒருமுறைகூடக் குனிந்து பார்க்கவில்லை.

கடைக்கு இரண்டு தரம் வந்து எட்டிப் பார்க்கிற மனுஷன் இவர். மகளுக்கு வலிப்பு வரும்போது கேனைத் தூக்கிக்கொண்டு பால் ஊற்றப் போவாரா? இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்த ஒரே வித்தை இதுதான்: அலைகள் ஒன்று சொல்லி, ஆட்கள் வேறொன்று சொன்னால், அந்த நேரத்தில் அந்த ஆள் எதற்குப் பயப்படவில்லை என்று பாருங்கள்.

டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் வேறு யாரையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், மேரிக்கு ஃபிட்ஸ் வர்றதா எனக்குத் தோணல.”

“ஆதாரம்?”

“பால் கேன் சார்.”

“உடம்பு கிடம்பு சரியில்லையா? ரெஸ்ட் எடுங்க” என்று வைத்துவிட்டார். அவர் சொன்னபடியே மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பாப்பாரப்பட்டிக்குப் பஸ் ஏறினேன். வீடு தேடிப் போவது நம் வேலையில் சேர்ந்ததல்ல. ஆனால் அந்தப் பின்னல் கண்ணிலேயே நின்றது.

நான் போய்ச் சேர்ந்தபோது மேரி வீட்டில்தான் இருந்தாள். ஆபரேஷனுக்காகக் கடையில் லீவு சொல்லியிருந்தாள். சவரிமுத்துவுக்கு என்னைப் பார்த்ததும் தலைகால் புரியவில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டார், டீ வந்தது, முறுக்கு வந்தது. எதையும் கேட்காமல் உட்கார்ந்து பார்ப்பது என்று நானும் முடிவு செய்திருந்தேன். முறுக்கைத் தின்றுகொண்டே தக்காளி விலையைப் பற்றிப் பேசினேன். பொழுது சாயத் தொடங்கியதும் அவர் எழுந்து போய்ப் பால் கறந்தார். கேனை மூடினார். கையைக் கழுவினார். கேனுக்குப் பக்கத்தில் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த காந்தத்தை எடுத்தார். மேரி போனில் ஏதோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்பா பக்கத்தில் வந்ததும், போனிலிருந்து கண்ணை எடுக்காமலே தலையைச் சாய்த்துக் கொடுத்தாள். அவர் காந்தத்தை வைத்து எடுத்து ஆணியில் மாட்டிவிட்டுக் கேனைத் தூக்கினார்.

“என்னங்க பண்றீங்க?” என்றேன்.

“பதிவு போட்டங்க மேடம்.”

“இப்ப பாப்பாவுக்கு ஃபிட்ஸ் வந்துச்சா?”

“இல்லீங்களே” என்றார். இதென்ன கேள்வி என்பதுபோல மகளைக் காட்டினார். “நல்லாத்தான உக்காந்திருக்கறா.”

“அப்பறம் எதுக்குங்க காந்தம்?”

“சும்மா இருந்தா மிஷின எடுத்துக்குவாங்கல்லங்க.”

நான் விழித்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. கேனைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாக விளக்கினார்.

“போன வருசம் அந்தச் செவல மாடு வத்திப்போச்சுங்க. இன்னொன்னு சென. பால் சொசைட்டியில சொல்லிட்டாங்க, தொடர்ந்து பால் ஊத்தலைன்னா மெம்பர்ல இருந்து பேர எடுத்துருவோம்னு. பேரு போச்சுன்னா மறுபடியும் சேத்திக்கறது லேசுல ஆவாதுங்க. நான் என்ன பண்ணன், பக்கத்து வூட்டுல கொஞ்சம் வாங்கி எம் பேர்ல ஊத்திக்கிட்டே வந்தன். மாடு கன்னு போடற வரைக்கும் அப்படியே ஓட்டுனன்.”

“சரிங்க. அதுக்கும் இதுக்கும் என்னங்க?”

“அதேதானுங்க மேடம் இதுவும். பாப்பாவுக்கு ஃபிட்ஸ் நின்னுபோச்சு. நாங்க ஒண்ணும் ஊத்தல. போனுக்கு மெசேஜ் வந்துருச்சு, உங்ககிட்ட இருந்து பதிவு ஏதும் வர்லன்னு. எனக்கு ஈரக்கொலையே ஆடிப்போச்சு. ஓசியில குடுத்த மிஷினு. ஊத்தாதவனுக்கு எதுக்கு மிஷினுன்னு கழட்டி வேற யாருக்காச்சும் குடுத்துட்டாங்கன்னா? மறுபடியும் அடுப்பு, மறுபடியும் கெணறு… என்னால முடியாதுங்க மேடம்.”

பெட்டி பழுதாகி இருந்தால் தெரியட்டும் என்பதற்காக, பதிவு வராத வீடுகளுக்கெல்லாம் கணினி தானாக அனுப்புகிற செய்தி அது. யாரும் உட்கார்ந்து எழுதியதுகூட இல்லை.

“காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு எதுக்குங்க?”

“ரெண்டு வேளையும் ஊத்தறதுதானுங்களே மொற.”

எங்கள் இரட்டை உச்சம். நான் சிரித்தேன் பாருங்கள், முறுக்கு புரையேறிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மேரிதான் ஓடிவந்து தலையில் தட்டினாள். எனக்கு மூச்சு நிதானத்துக்கு வந்ததும் அவள் கேட்டாள்.

“இது டாக்டர் வெக்கச் சொன்னதுன்னுல்ல அப்பா சொல்லுச்சு? டெஸ்ட்டு போலன்னு நானும் தெனம் தலையக் காட்டிக்கிட்டு இருந்தன்.”

“ஏங்க, டாக்டர் கேட்டப்ப உண்மையச் சொல்லியிருக்கலாமே?” என்று சவரிமுத்துவைக் கேட்டேன்.

“பக்கத்து வூட்டுப் பாலுன்னு சொசைட்டியில யாராச்சும் சொல்லுவாங்களாங்க?” என்றார். நியாயம்தான்.

“அப்ப ஆபரேஷனுக்கு எப்படிச் சரின்னு சொன்னீங்க?”

“சர்வீசு பண்றாங்கன்னு நெனச்சங்க. இவ்ளோ செலவு பண்ணி சர்வீசு பண்றாங்கன்னா மிஷின எடுக்க மாட்டாங்கன்னு ஒரு தைரியம்.”

அதற்குமேல் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் வைத்த காந்தத்தால்தான் மேரியின் மண்டையை மறுபடியும் திறக்கப் போகிறார்கள் என்று சொன்னேன். முதலில் அவருக்கு அது ஏறவில்லை. ஏறியதும் கேன் பக்கத்திலேயே அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மகளின் தலையைப் பார்த்தார், பிறகு தன் கையைப் பார்த்தார். “நானாங்க மேடம்? நானா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தக் குரலை இப்போது நினைத்தாலும் எனக்குத் தாங்காது.

அன்று சாயங்காலமே டாக்டருக்குப் போன் செய்து, இனிமேல் காந்தம் வைக்கப் போவதில்லை, பதிவுகள் நின்றுவிடும், பாருங்கள் என்றேன்.

“அது எப்படி ஆதாரம் ஆகும்? வெக்காததால பதிவு இல்ல. ஃபிட்ஸ் இல்லன்னு அர்த்தமா?” என்றார்.

பதிவு வந்தால் வலிப்பு இருக்கிறது, பதிவு வராவிட்டால் வலிப்பு ஒளிந்திருக்கிறது. இனி இவரிடம் வரைபடத்தால் பேசிப் பயனில்லை என்று புரிந்தது. டாக்டர் தருமபுரிக்கு வரும் நாளில் அப்பாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு போய் அவர் எதிரில் உட்கார வைத்தேன். அறுவை சிகிச்சைக்கு அதற்கு அடுத்த நாள்தான் குறித்திருந்தார்கள். வெளியே வேறு நோயாளிகள் வரிசையில் இருந்தார்கள். பெங்களூரிலிருந்து போன் மேல் போன் வந்துகொண்டிருந்தது.

சவரிமுத்து சொசைட்டிக் கதையை முதலிலிருந்து சொன்னார். செவலை மாடு, சினை மாடு, பக்கத்து வீட்டுப் பால். டாக்டர் பிறந்ததிலிருந்து பாக்கெட் பால் குடிக்கிறவர்.

“ஒரு நிமிஷம். மாட்டுக்கும் பேஷண்டுக்கும் என்ன சம்பந்தம்?” என்றார்.

சவரிமுத்து மறுபடியும் மாட்டிலிருந்து ஆரம்பித்தார். டாக்டர் கையை உயர்த்தினார்.

“நேரா சொல்லுங்க. நீங்க காந்தம் வெச்சப்ப ஃபிட்ஸ் வந்துச்சா, இல்லையா?”

“வந்தா நான் எதுக்குங்க சார் இவ்ளோ கஷ்டப்படப் போறன்?” என்றார் சவரிமுத்து. “வர்லீங்க. அதான் பிரச்சனையே.”

டாக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். திரையில் அவருடைய இரண்டு மலைகளும் ஒளிர்ந்துகொண்டிருந்தன. அதுவரை வாயே திறக்காத மேரி அப்போதுதான் பேசினாள்.

“நான் இல்லன்னு சொன்னப்ப நீங்க நம்பல சார். எங்கப்பா இருக்குன்னு சொன்னப்ப நம்புனீங்க. இப்ப எங்கப்பா இல்லன்னு சொன்னா அதையும் நம்பறீங்க. எந் தலதான சார் அது?”

அறையில் யாரும் அசையவில்லை. உறைந்துபோவது என்றால் என்ன என்று அன்று அந்த இளம் டாக்டர்கள் நேரிலேயே கற்றுக்கொண்டார்கள்.

பெரிய டாக்டரிடம் எனக்குப் பிடித்தது அதன்பின் அவர் செய்ததுதான். திரையை அணைத்தார். நாற்காலியை மேரி பக்கம் திருப்பிக்கொண்டார். அவளிடம் கேள்விகள் கேட்டார். கடையில் வாடிக்கையாளரிடம் பேசும்போது பேச்சின் நடுவில் எங்கேயாவது விட்டுப் போகிறதா, பார்த்துக்கொண்டிருக்கிற வீடியோ திடீரென்று தாண்டிப் போனதாகத் தோன்றுகிறதா, கடையில் மற்றவர்கள் ஏதாவது சொன்னார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மேரி ஒவ்வொன்றுக்கும் யோசித்துப் பதில் சொன்னாள். கடைக்கும் அவரே போன் போட்டு விசாரித்தார். அங்கே எடுத்தவன், “அந்த அக்காவுக்கு என்னங்க, நாள்பூரா வாய் ஓயறதில்ல” என்றான். டாக்டர் போனை வைத்துவிட்டுப் பெங்களூருக்குப் பேசினார். அரங்கு வேண்டாம் என்றார். அந்தப் பக்கம் காரணம் கேட்டார்கள் போலிருக்கிறது. “பேஷண்ட் நல்லா இருக்காங்க” என்றார். அதையே மறுபடியும் ஒருமுறை சத்தமாகச் சொன்னார்.

வெளியே வந்ததும் மேரி படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். சவரிமுத்து பக்கத்தில் நின்றுகொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார். நானும் அழுதேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வீடுகளுக்குக் கணினி அனுப்புகிற அந்தச் செய்தியின் வாசகத்தை மாற்ற வேண்டும் என்று நான் நிர்வாகத்துக்கு எழுதினேன். ‘பதிவு இல்லை என்றால் மகிழ்ச்சி. உங்கள் கருவியை நாங்கள் எடுக்க மாட்டோம்’ என்று வைக்கலாம் என்று யோசனையும் சொன்னேன். எடுக்க மாட்டோம் என்று சொன்னால்தான் எடுப்பார்களோ என்ற பயமே வரும் என்று கூட்டம் போட்டு நிராகரித்துவிட்டார்கள். ரொம்ப நாள் ஆலோசித்து, ‘பெட்டி இயங்குகிறதா என்று சரிபார்க்கவும்’ என்று மாற்றினார்கள். அதன்பின் ஒரு வாரம் முழுக்க மாவட்டத்தில் பாதிப் பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நம் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

இப்படியெல்லாம் நடக்கும். நீங்கள் எவ்வளவு கவனமாக இருந்தாலும் நடக்கும். கருவியைப் பற்றி நமக்கு ஒரு கணக்கு இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு வாழ்கிறவர்களுக்கு இன்னொரு கணக்கு. அவர்கள் கணக்கு அவர்கள் அடிபட்ட இடத்திலிருந்து வருவது, அதனால் அதை லேசில் விட மாட்டார்கள். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆஸ்பத்திரியில் யாருக்கும் நேரம் இல்லை. உங்களுக்குத்தான் நேரம் இருக்கிறது, தூக்கம் வருகிற வேலைதானே.

கடைசியாக ஒரு பொறுப்பை உங்களிடம் ஒப்படைக்க வேண்டும். சவரிமுத்து காந்தம் வைப்பதை நிறுத்தினாரே தவிர, பயப்படுவதை நிறுத்தவில்லை. திங்கட்கிழமை தோறும், பால் ஊற்றிவிட்டு வந்ததும் அறைக்குப் போன் செய்வார். “மேடம், இந்த வாரமும் ஒண்ணும் ஊத்தலீங்க. எம் பொண்ணு பேரு இருக்குதுங்களா?” என்பார். இருக்குங்க என்பேன். கிண்டல் செய்து பார்த்திருக்கிறேன், விளக்கிப் பார்த்திருக்கிறேன், ஒருமுறை கோபமாகக்கூடப் பேசினேன். அடுத்த திங்கட்கிழமையும் போன் வந்தது. நான் ஓய்வு பெறுகிறேன் என்று அவரிடம் சொன்னேன். “அப்ப புதுசா வர்றவங்களுக்கு எங்களத் தெரியாதுங்களே” என்றார். சொல்லிவிட்டுத்தான் போவேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

இப்போது சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை காலையில் போன் அடிக்கும். யார் எடுத்தாலும் சிரிக்காதீர்கள். முதலில் மேரியின் திரையைத் திறந்து பாருங்கள். பாராமல் சொன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். ஒன்றும் இல்லை என்றால், “பேரு இருக்குங்க” என்று சொல்லுங்கள். சொன்னதும் வைத்துவிடாதீர்கள். அந்தப் பக்கம் அவர் மூச்சு விடுகிற சத்தம் கேட்கும், அதுவரை போனைப் பிடித்துக்கொண்டிருங்கள்.